ஹிட்லர் இடிக்கச் சொன்ன சிலை: ஜெனரல் மான்ஜேன் பற்றிக் கேள்வி பதில்

முதல் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் எப்படியாவது பிரெஞ்சுத் தளபதி ஷார்ல் மான்ஜேன் பெயரை நான் உள்ளே இழுத்துவிடுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. சரி, ஒரேயடியாகப் பேசித் தீர்த்துவிடலாம், கேளுங்கள் என்றேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் எல்லாம் இல்லை. பிரெஞ்சு படித்த தோஷத்தில் இருபது வருஷமாக இந்தப் போர்களின் பின்னால் அலைகிறவன், அவ்வளவுதான்.

கேள்வி (திருச்சி): யார் சார் இந்த மனிதர்? ஆங்கிலத்தில் படித்துவிட்டு ‘மாங்கின்’ என்றே சொல்லிவருகிறேன். தப்பா?

மாங்கின் என்றால் பிரெஞ்சுக்காரருக்குப் புரியாது. ‘மான்ஜேன்’ என்று சொல்லுங்கள், கடைசி எழுத்து மூக்கோடு நின்றுவிட வேண்டும். உச்சரிப்பில் நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. பிரெஞ்சில் ‘மான்ஜே’ என்றால் சாப்பிடுவது. ‘மனிதர்களைத் தின்கிறவர்’ என்ற பட்டப்பெயர் இவருக்குச் சொல்லிவைத்தாற்போல ஒட்டிக்கொண்டது அதனால்தான். ‘கசாப்புக்காரர்’ என்பது இன்னொன்று.

பிறந்தது 1866 ஜூலை 6, லொரேன் பகுதியில் சார்பூர் என்ற ஊரில். ஐந்து வயது முடிவதற்குள் அந்த ஊரை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. சேன்-சீர் ராணுவப் பள்ளியில் படித்தார், கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். பிறகு இன்றைய மாலி, பஷோதா, தோன்கின் (இன்றைய வடக்கு வியட்நாம்), செனகல், மொராக்கோ என்று கால் நூற்றாண்டு வெளியில்தான். ஐரோப்பாவில் போர் தொடங்கியபோது வயது 48. 1925 மே 12 அன்று பாரிஸில் திடீரென இறந்தார்.

கேள்வி (மதுரை): பஷோதாவில் ஒரு இடிந்த கோட்டைக்காக பிரிட்டனும் பிரான்சும் சண்டைக்கு நின்றன என்று படித்தேன். அதில் இவர் பங்கு என்ன அண்ணே?

இது எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

நைல் நதியின் மேல்பகுதியைப் பிரிட்டன் கைப்பற்றும் முன் அங்கே ஒரு பிரெஞ்சுக் கொடியை நட்டுவிட வேண்டும் என்பது திட்டம். தலைவர் மர்ஷான். கூட ஒரு டஜன் பிரெஞ்சுக்காரர்கள், சுமார் 150 மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். இவர்களைத்தான் பிரெஞ்சில் ‘திரையேர்’ என்பார்கள். அந்தச் சிப்பாய்களை நடத்தியவர் மான்ஜேன். 1896-இல் அட்லாண்டிக் கரையிலுள்ள லோவாங்கோவிலிருந்து கிளம்பி, காங்கோ ஆற்று வழியே போய், சதுப்பு நிலங்களைக் கடந்து, 1898 ஜூலை 10 அன்று பஷோதாவை அடைந்தார்கள். இன்றைக்கு அந்த ஊர் தெற்கு சூடானில் கோதோக். வழியில் ‘பைதெர்ப்’ என்ற நீராவிப் படகைத் துண்டு துண்டாகக் கழற்றி, காட்டு வழியே சுமந்துகொண்டு போனார்கள். சுமந்தது யார்? வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட உள்ளூர்ச் சுமைதூக்கிகள். பிரெஞ்சுப் பத்திரிகைகள் இந்தப் பயணத்தைக் கொண்டாடியபோது அவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஆகஸ்ட் மாதம், அப்போது சூடானை ஆண்ட மஹ்தி படையின் படகுகள் தாக்கின, விரட்டினார்கள். செப்டம்பர் 2 அன்று ஓம்துர்மானில் அதே மஹ்தி படையைப் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் நொறுக்கினார். 19-ஆம் தேதி பீரங்கிப் படகுகளோடு பஷோதாவுக்கே வந்து நின்றார். இரண்டு பக்கமும் மரியாதையாகப் பேசி, குடித்து, அவரவர் தலைநகர் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். பாரிஸ் பின்வாங்கியது. டிசம்பர் 11 அன்று கொடியை இறக்கிவிட்டு, எத்தியோப்பியா வழியாக ஜிபூத்திக்குப் போனார்கள்.

1899 ஜூலை 14 அணிவகுப்பில் அந்தத் திரையேர்கள் பாரிஸ் மக்கள் முன் நடந்தபோது கைதட்டல் ஓயவில்லை. மான்ஜேனின் மனதில் ஒரு கணக்கு அப்போதே விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆப்பிரிக்காவின் அகலத்தையே நடந்து கடந்த சிப்பாய் எங்கே வேண்டுமானாலும் சண்டை போடுவான் என்ற கணக்கு.

கேள்வி (கோயம்புத்தூர்): ‘கறுப்புப் படை’ என்று ஒரு புத்தகம் எழுதினாராமே? அந்த யோசனை அவருடையதா?

திரையேர் படையை 1857-லேயே பெதெர்ப் என்ற ஆளுநர் தொடங்கிவிட்டார். மேலே சொன்ன படகுக்கு அவர் பெயர்தான். தமிழில் நான் இரண்டு விதமாக எழுதிவிட்டேன், கண்டுகொள்ளாதீர்கள். மான்ஜேன் செய்தது வேறு. காலனியைக் காவல் காக்க வைத்திருந்த படையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவரலாம் என்று 1910-இல் ‘லா போர்ஸ் நுவார்’ என்ற தலைப்பில் எழுதினார். ‘கறுப்புப் படை’ என்று பொருள்.

வாதம் மக்கள்தொகையிலிருந்து தொடங்குகிறது. பிரான்சில் சுமார் 3.9 கோடிப் பேர், ஜெர்மனியில் ஏறக்குறைய 6.5 கோடி. பிரெஞ்சுக் குடும்பங்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். நாளைக்குப் போர் வந்தால் ஆளுக்கு எங்கே போவது? மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. 1912 பிப்ரவரியில் அங்கே கட்டாய ஆள்சேர்ப்புக்கு வழிசெய்யும் ஆணை வந்தது.

இதே கேள்வியோடு சேலத்திலிருந்து ஒருவர், “அப்படியென்றால் இவர் ஆப்பிரிக்கர்களை மதித்தவரா, இனவெறியரா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டும்தான், ஒரே வாக்கியத்தில் இரண்டும். பாம்பாரா மொழி பேசுவார். பாபா என்ற பாம்பாராச் சிப்பாய் வருஷக்கணக்கில் இவருடைய நிழலாக இருந்தார். அதே கையால்தான் ஆப்பிரிக்கருக்கு நரம்பு மண்டலம் அவ்வளவாக வளரவில்லை, வலி குறைவாகத் தெரியும், அதனால் நல்ல சிப்பாய் என்று எழுதினார். இது பாராட்டு என்று அவர் நினைத்தார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களைத்தான் 1917-இல் பனியில் நிறுத்தினார்.

கேள்வி (தஞ்சாவூர்): மொராக்கோவில் என்ன செய்தார்?

1912 மார்ச்சில் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தது. ஆகஸ்டில் எல் ஹிபா என்பவர் தெற்கிலிருந்து புறப்பட்டுவந்து, தன்னையே சுல்தான் என்று அறிவித்து மராகேஷில் நுழைந்தார், அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பிணைபிடித்தார். தலைமைப் பொறுப்பிலிருந்த லியோத்தே, சுமார் 5,000 பேரோடு மான்ஜேனை அனுப்பினார். செப்டம்பர் 6, சிதி பூ உஸ்மான். படையைச் சதுரமாக நிறுத்தி, பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் வைத்துச் சுட்டார்கள். எதிர்ப் பக்கம் பிணங்கள் குவிந்தன, பிரெஞ்சுப் பக்கம் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுநாள் மராகேஷ். மொராக்கோ தந்த பாடம் இவருக்குத் தப்பாகத்தான் பதிந்தது என்பேன். பாய்ந்தால் ஜெயிக்கலாம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் ஜெயித்தது எதிரியிடம் இல்லாத ஆயுதம். நாலு வருஷம் கழித்து எதிரியிடமும் அதே ஆயுதம் இருந்தது.

1913-இல் மலைப்பகுதியில் அல் க்சிபா என்ற இடத்தில் அளவுக்கு மீறிப் போய் அடிவாங்கியதும் உண்டு. நிதானக்காரரான லியோத்தேவுக்கு இவரைக் கட்டிமேய்ப்பது பெரும்பாடு.

கேள்வி (புதுச்சேரி): எங்கள் பாட்டியின் அப்பா ‘சொல்தா’, பிரெஞ்சுப் படையில் சிப்பாய். முதல் போருக்குப் போனவர் என்பார்கள். அவர் மான்ஜேனின் கறுப்புப் படையில் இருந்திருக்க முடியுமா, ஐயா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரையேர் என்பவர் பிரெஞ்சுக் குடிமகன் அல்ல, காலனியின் பிரஜை. நம் ஊரில் 1881 ஆணைப்படி தன் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் உண்டல்லவா, ‘ரெனோன்சான்’ என்று கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் சட்டப்படி குடிமக்கள். சாதாரணமாகப் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளில்தான் இடம். செனகலிலும் இதே பிளவு இருந்தது. தக்கார், சேன்-லூயி, கொரே, ருபிஸ்க் ஆகிய நான்கு நகரங்களில் பிறந்தவர்கள் குடிமக்களாகப் பிரெஞ்சுப் பிரிவுகளில் சேர்ந்தார்கள். அடுத்த கிராமத்தில் பிறந்தவன் திரையேர். நான்கு நகரத்தாரின் இந்த உரிமையை 1915, 1916 சட்டங்களால் உறுதிசெய்தவர் பிளேஸ் தியாஞ், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பு ஆப்பிரிக்கர். இவர் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

உங்கள் கொள்ளுத்தாத்தா போரில் இறந்திருந்தால், பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தின் ‘மெமுவார் தெ ஸோம்’ இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், இலவசம். பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் கொத்திக் குதறி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): வெர்தேனில் இவர் தோற்றாரா, ஜெயித்தாரா? ஒரு இடத்தில் படுதோல்வி என்கிறார்கள், இன்னொரு இடத்தில் மாபெரும் வெற்றி என்கிறார்கள்.

இரண்டும் ஒரே கோட்டையில், ஐந்து மாத இடைவெளியில். மான்ஜேனைப் புரிந்துகொள்ள இந்த ஐந்து மாதம் போதும்.

வெர்தேன் நகரைக் காத்த துவோமோன் கோட்டை 1916 பிப்ரவரி 25 அன்று ஏறக்குறைய சண்டையே இல்லாமல் ஜெர்மானியர் கைக்குப் போனது. உள்ளே இருந்தது அறுபது பேர்கூட இருக்க மாட்டார்கள். அவமானம். மே 22 அன்று மான்ஜேன் தன் 5-ஆம் டிவிஷனை அதன்மேல் ஏவினார். சில நிமிடங்களில் கோட்டைக் கூரைமேல் ஏறிவிட்டார்கள். ஆனால் கூரைதான் கிடைத்தது, உள்ளே ஜெர்மானியர் பத்திரமாக இருந்தார்கள். பின்னால் நிறுத்த ஆள் இல்லை. இரண்டே நாளில் துடைத்தெறியப்பட்டார்கள். 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். டிவிஷனில் கிட்டத்தட்ட பாதி.

அக்டோபர் 24 வேறு கதை. தலைக்குமேல் பெத்தேன் இருக்கிறார், பீரங்கி சேராமல் ஒரு ஆளையும் நகர்த்த விடமாட்டார். நேர் மேலதிகாரி நிவேல், பீரங்கிக் கணக்கில் கெட்டிக்காரர். 650-க்கும் மேல் பீரங்கிகள், அதில் 400 மில்லிமீட்டர் வாய் கொண்ட இரண்டு ராட்சதர்கள் ரயில் தண்டவாளத்தில். அவற்றின் குண்டுகள் கோட்டைக் கூரையையே துளைத்தன. உள்ளே தீப்பிடித்து, ஜெர்மானியரில் பெரும்பாலோர் முந்தின நாளே வெளியேறிவிட்டார்கள். காலாட்படையின் முன்னால் குண்டுமழை ஒரு திரைபோல மெதுவாக நகர்ந்தது, நாலு நிமிஷத்துக்கு நூறு மீட்டர். மூடுபனி வேறு.

கோட்டையை எடுத்தது மொராக்கோ காலனியக் காலாட்படை ரெஜிமென்ட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். மொராக்கோவில் உருவானதால் அந்தப் பெயர். கூடவே 43-ஆவது செனகல் பட்டாளமும், ஜிபூத்திக் கரையிலிருந்து வந்த சோமாலிப் பிரிவுகளும் போயின. டிசம்பர் 15 அன்று இன்னொரு தாக்குதல், 11,000-க்கும் மேல் கைதிகள்.

தளபதி அதே ஆள்தான். மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் நடுவில் அவர் புதிதாகத் துணிச்சல் பெற்றுவிடவில்லை, பீரங்கிதான் வந்து சேர்ந்தது. அடுத்த ஏப்ரலில் இதை அவரும் மறந்தார், நிவேலும் மறந்தார்.

கேள்வி (திருநெல்வேலி): 1917-இல் அவரைப் பதவி நீக்கியது ஏன்?

வெர்தேன் வெற்றியால் நிவேல் முழுப் பிரெஞ்சுப் படைக்கும் தலைவரானார். 48 மணி நேரத்தில் எதிரிவரிசையை உடைக்கிறேன் என்றார். இடம் ஷெமேன் தே தாம், ஒரு மேட்டின் முதுகில் ஓடும் சாலை. ‘சீமாட்டிகள் பாதை’ என்று பொருள், பதினைந்தாம் லூயியின் மகள்கள் போய்வந்த வழி என்பார்கள். ஆறாவது படை மான்ஜேன் வசம்.

திட்டம் எதிரிக்கு முன்பே தெரிந்திருந்தது. மேட்டின் அடியில் பழைய கல்குவாரிக் குகைகள், அவற்றுக்குள் ஜெர்மானியர் குண்டுவீச்சு படாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் 16 காலை, ஆலங்கட்டியும் பனியும். சரிவில் காலாட்படை சறுக்கிக்கொண்டிருக்க, குண்டுத்திரை அவர்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. குகையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் வெளியே வந்தன. முதல் பத்து நாளில் பிரெஞ்சுப் பக்கம் சுமார் 30,000 பேர் இறந்தார்கள்.

திரையேர்களின் கதை இதைவிட மோசம். குளிர்காலத்தில் அவர்களைத் தெற்கே கடற்கரை முகாம்களுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். குளிர் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முகாம்களிலேயே, அர்க்காஷோன் பக்கம் கூர்னோ என்ற இடத்தில், 900-க்கும் மேற்பட்டவர்கள் பெரும்பாலும் நிமோனியாவில் செத்தார்கள். அப்படிப்பட்டவர்களை ஏப்ரல் பனியில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். விரல் மரத்துத் துப்பாக்கியைப் பிடிக்க முடியவில்லை. களமிறங்கிய சுமார் 16,500 பேரில் 7,000-க்கும் மேல் இழப்பு.

மே மாதத் தொடக்கத்தில் மான்ஜேனை நீக்கினார்கள், நிவேலும் பிறகு போனார். ஜூன் 29 அன்று நாடாளுமன்றத்தின் ரகசியக் கூட்டத்தில் எழுந்து இதைப் படுகொலை என்று சொன்னவர் அதே பிளேஸ் தியாஞ். அந்த வசந்தத்தில் பிரெஞ்சுப் படையில் கலகங்கள் வெடித்தன. அதிகம் கலகம் செய்தவற்றில் ஒன்று எது தெரியுமா? 5-ஆம் டிவிஷன். மான்ஜேன் 1914 முதல் 1916 வரை நடத்தினாரே, அதே பிரிவு.

கேள்வி (யாழ்ப்பாணம்): வெள்ளையர் உயிரைக் காப்பாற்றத்தான் ஆப்பிரிக்கர்களை முன்னால் அனுப்பினார்கள் என்பது உண்மையா?

போரில் சுமார் 2,00,000 பேர் திரட்டப்பட்டார்கள், ஏறக்குறைய 1,35,000 பேர் ஐரோப்பாவில் சண்டையிட்டார்கள், சுமார் 30,000 பேர் இறந்தார்கள். மொத்தமாக வகுத்துப் பார்த்தால் பிரெஞ்சுக் காலாட்படையின் இழப்பு விகிதத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒரு தரப்பு வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் போர்முனையில் இல்லாமலே அதே விகிதம் என்றால், இருந்த மாதங்களில் இழப்பு மிக அதிகம் அல்லவா என்று மற்ற தரப்பு கேட்கிறது. எனக்கு இரண்டாவது கணக்குதான் நியாயமாகப் படுகிறது.

ஆள்பிடிப்பு எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள். இத்தனை பேர் என்று கிராமத் தலைவர்களிடம் கேட்டார்கள். தலைவர் தன் பிள்ளையையா அனுப்புவார்? இளைஞர்கள் காட்டுக்குள்ளும், எல்லை தாண்டி பிரிட்டிஷ் பகுதிகளுக்கும் ஓடினார்கள். இன்றைய புர்கினா பாசோ, மாலிப் பகுதிகளில் 1915-16-இல் பெரும் கிளர்ச்சியே நடந்தது. அதை அடக்கப் பீரங்கியோடு படை போனது. மான்ஜேனின் புத்தகத்தில் ஆப்பிரிக்கா வற்றாத ஊற்று.

கேள்வி (சென்னை): இவ்வளவு நடந்தும் 1918-இல் திரும்ப வந்தாரே, யார் சிபாரிசு?

கிளெமான்ஸோ. 1917 நவம்பரில் பிரதமரானார், சண்டை போடுகிற ஆள்தான் வேண்டும் என்றார். 1918 ஜூன் 10 அன்று மான்ஜேனிடம் ஐந்து டிவிஷன்களைக் கொடுத்து, மாட்ஸ் ஆற்றுப் பக்கம் எதிர்த்தாக்குதல் நடத்தச் சொன்னார்கள். தயாராக ஒரு நாள்கூட இல்லை. மறுநாளே டாங்கிகளோடு தாக்கி ஜெர்மானியரை நிறுத்திவிட்டார். பரிசாகப் பத்தாவது படை.

ஜூலை 18 தான் அவருடைய உச்சம். வில்லேர்-கொத்ரே காட்டுக்குள் படையையும் முந்நூற்றுக்கு மேற்பட்ட டாங்கிகளையும் ஒளித்துவைத்தார். முன்கூட்டிக் குண்டுவீச்சு கிடையாது. விடிகாலை 4.35-க்குப் பீரங்கியும் காலாட்படையும் டாங்கியும் ஒரே நொடியில் கிளம்பின. நடுவில் மொராக்கோ டிவிஷன், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அமெரிக்க டிவிஷன்கள். காட்டில் கட்டிய உயரமான மரக் கோபுரத்தில் ஏறி நின்று மான்ஜேன் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனி அதற்குப் பிறகு பின்வாங்கியதே தவிர முன்னேறவில்லை.

இந்த வெற்றிக்குள் ஒரு சாவு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைமை ஆளுநர் வான் வொலன்ஹோவன், ஹாலந்தில் பிறந்தவர். இனி இங்கே ஆள் எடுத்தால் நாடு தாங்காது என்று பாரிஸிடம் வாதாடினார். கிளெமான்ஸோ கேட்கவில்லை. 1918 ஜனவரியில் ஆள்திரட்டும் பொறுப்பைத் தந்தது யாரிடம்? படுகொலை என்று முழங்கிய அதே தியாஞ்சிடம். ரத்தம் கொடுத்தால் உரிமை கிடைக்கும் என்று நம்பி அவர் ஏற்றுக்கொண்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் 63,000 பேரைத் திரட்டிக் கொடுத்தார். வான் வொலன்ஹோவன் பதவியை உதறிவிட்டு, காப்டனாகப் போர்முனைக்குப் போனார். துவோமோனை மீட்ட அதே மொராக்கோ ரெஜிமென்ட். மான்ஜேனின் ஜூலைத் தாக்குதலில், லோன்போன் பக்கத்தில் காயப்பட்டு 20-ஆம் தேதி இறந்தார்.

கேள்வி (கோலாலம்பூர்): தலைப்பில் ஹிட்லரை இழுத்திருக்கிறீர்கள், அவர் எங்கே வருகிறார்?

போர் முடிந்ததும் மான்ஜேன் ரைன் கரையில் மைன்ஸ் நகரில் தளம் போட்டார். ரைன்லாந்தை ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தனிக் குடியரசாக்கும் ஆசை. டோர்டன் என்ற வக்கீல் 1919 ஜூன் 1 அன்று அப்படி ஒன்றை அறிவித்தார், மான்ஜேன் முட்டுக்கொடுத்தார். அமெரிக்கர்கள் கொதித்தார்கள், உள்ளூர் மக்களும் சீந்தவில்லை. கிளெமான்ஸோ அந்த அக்டோபரில் பத்தாவது படையையே கலைத்து அவரை அனுப்பிவிட்டார்.

ரைனில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டதைக் ‘கறுப்பு அவமானம்’ என்று ஜெர்மனியில் பிரச்சாரம் செய்தார்கள். செனகல் பிரிவுகள் 1920-லேயே போய்விட்டன, பிரச்சாரம் போகவில்லை. அந்தச் சிப்பாய்களுக்குப் பிறந்த நானூறு பிள்ளைகள்போல நாஜிகள் 1937-இல் பிடித்து ரகசியமாக மலடாக்கினார்கள். 1940 ஜூனில் ஹிட்லர் பாரிஸ் வந்தபோது, அன்வாலீத் மாளிகை அருகே நின்ற மான்ஜேன் சிலையை உடைக்கச் சொன்னார், வெடிவைத்தார்கள். அதே ஆண்டு ரேன்ஸ் நகரில் கறுப்புப் படை வீரர்களுக்காக 1924-இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதன் இரட்டை மட்டும் மாலியின் பமாகோவில் பத்திரமாக நின்றது. பாரிஸில் மான்ஜேனுக்கு 1957-லேயே புதுச் சிலை வைத்துவிட்டார்கள். ரேன்ஸ் சின்னம் பழைய உருவில் திரும்ப எழ 2013 ஆயிற்று.

கேள்வி (காரைக்கால்): அந்தத் திரையேர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது?

ஓய்வூதியம் கிடைத்தது. 1959 டிசம்பரில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு, விடுதலை பெற்ற, பெறப்போகும் நாடுகளின் பழைய வீரர்களுக்கு அந்தத் தொகையை அப்படியே உறையவைத்தது. பிரெஞ்சுக்காரருக்கு ஏறிக்கொண்டே போனது, இவர்களுக்கு ஏறவில்லை. காயம்பட்டவர் ஓய்வூதியத்தைச் சமப்படுத்த 2007 ஆயிற்று. முதல் போரின் திரையேர்களில் அதைப் பார்க்க யாரும் உயிரோடு இல்லை. கடைசியாக இருந்தவர் அப்துலாயே என்ஜாய், செனகலின் தியோவோர் கிராமம். 1998 நவம்பர் 11 அன்று அவருக்குப் பிரான்சின் உயர்ந்த விருதான லெஜியோன் தொனேர் பதக்கம் அணிவிப்பதாக ஏற்பாடு. 10-ஆம் தேதி இறந்துபோனார்.